மலைமேல் எருசலேம்: ஜாக்சன் லுங்வானியின் மரச்சிற்பங்கள்

தென்னாப்பிரிக்காவின் வடகோடியில் உள்ள லிம்போப்போ மாகாணத்தில், எலிம் என்ற ஊருக்கு அருகே ம்போகோட்டா என்றொரு கிராமம் இருக்கிறது. அங்குள்ள குன்றொன்றின் மேல், இரும்புக் கால மக்கள் விட்டுச்சென்ற கல் இடிபாடுகளின் மீது, ஜாக்சன் லுங்வானி என்பவர் தன் கையாலேயே கற்களை அடுக்கிச் சுவர்களும் நடைவழிகளும் அமைத்து, அவற்றின் நடுவே தான் செதுக்கிய மர உருவங்களை நிறுத்தி, அந்த இடத்துக்குப் புதிய எருசலேம் என்று பெயர் வைத்தார். 1923இல் பிறந்து 2010 ஜனவரியில் மறைந்த அவர் எந்தக் கலைப்பள்ளியின் வாசலையும் மிதித்தவர் அல்லர். தந்தையிடம் கண்டுகொண்ட கிராமத்து மரவேலையைத் தவிர, சிற்பம் என்று அவருக்கு யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆப்பிரிக்க மரச்சிற்பங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்கும் எனக்கு, மற்ற எல்லோரையும்விட இவர்மீது ஈடுபாடு அதிகமானதற்குக் காரணம் எளிமையானது. அவர் வாழ்நாள் முழுவதும் மீன் செதுக்கினார், நான் காசிமேட்டுக்காரன்.

இவரிடம் வந்து சேர்வதற்குக் கொஞ்சம் சுற்றுவழியில் வர வேண்டியிருக்கிறது. ஆப்பிரிக்க மரச்சிற்பத்தின் ஆன்மிகக் குறியீடுகள் என்று தமிழில் எழுதப்படுபவற்றில் பெரும்பாலானவை, இந்த உருவம் வளமையைக் குறிக்கிறது, அந்த முகமூடி முன்னோரைக் குறிக்கிறது என்று பட்டியல் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகின்றன. அந்தப் பட்டியல் சரியாகவே இருக்கலாம். ஆனால் அந்த உருவங்களைச் செய்வித்தவர்கள், பார்த்துப் பொருள் தெரிந்துகொள்வதற்காக அவற்றை வீட்டில் வைத்திருக்கவில்லை. அவற்றிடம் வேலை வாங்கினார்கள். அந்த வேலை எப்படி நடந்தது, அதில் சிற்பியின் பங்கு எதுவரை என்பது தெரிந்தால்தான், யாரிடமும் கற்காத ஒருவர் தன்னிச்சையாக உளியை எடுக்கும்போது என்ன மாறுகிறது என்பது விளங்கும்.

காங்கோ ஆற்றின் முகத்துவாரப் பகுதியில் வாழும் கொங்கோ மக்களின் ‘இன்கிசி இன்கொண்டி’ உருவங்களை எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய அருங்காட்சியகங்களுக்கு ஏராளமாகப் போய்ச் சேர்ந்த இந்த உருவங்களில், பார்க்கும் எவருக்கும் முதலில் கண்ணில் படுவது ஆணிகள்தான். மார்பு, தோள், இடுப்பு என்று உடம்பெங்கும் இரும்பு ஆணிகளும் கத்தி அலகுகளும் இடைவெளியின்றி அறையப்பட்டிருக்கும். வயிற்றின் நடுவே பெட்டி போல ஒரு புடைப்பு இருக்கும். அதன் வாயைக் கண்ணாடித் துண்டு ஒன்று மூடியிருக்கும். சிலவற்றின் கண்களிலும் கண்ணாடி பதித்திருப்பார்கள். ஒவ்வோர் ஆணியும் ஒரு வழக்கு. இரண்டு பேர் ஒப்பந்தம் செய்துகொண்டாலும், திருடியவன் யாரென்று தெரியாவிட்டாலும், நோய்க்குக் காரணமானவனைத் தேட வேண்டியிருந்தாலும் அந்த உருவத்தின் முன் சத்தியம் செய்து ஆணி அறைவார்கள். சில வேளைகளில் சம்பந்தப்பட்டவர் அந்த அலகை நாக்கால் தொட்டுக் கொடுத்த பிறகே அது மரத்துக்குள் இறங்கும். சத்தியத்தை மீறியவனைப் பின்னாளில் தேடிப் போவதற்கு அந்த எச்சில்தான் உருவத்துக்கு அடையாளம்.

இதில் சிற்பியின் வேலை மரத்தைச் செதுக்குவதோடு முடிந்துவிடுகிறது. அவர் கையை விட்டுப் போகும்போது அது வெறும் மரம்தான். ‘இன்கங்கா’ எனப்படும் சடங்குக்காரர், வயிற்றுப் பெட்டிக்குள் வெண்களிமண்ணும் கல்லறை மண்ணும் பச்சிலைகளும் வேறு பொருள்களும் வைத்து மூடிய பிறகுதான் அதற்குள் ஆற்றல் குடியேறுகிறது. வெள்ளையர் கைக்குப் போன உருவங்கள் சிலவற்றில் வயிறு காலியாக இருப்பதற்குக் காரணம், கொடுப்பதற்கு முன்பே உள்ளே இருந்ததை எடுத்து அவற்றை மறுபடியும் வெறும் மரமாக்கியிருந்தார்கள் என்பதுதான். இந்த ஏற்பாடு நமக்கு அந்நியமானதன்று. ஸ்தபதி செதுக்கிய சிலை கண் திறந்து குடமுழுக்கு நடந்த பிறகே வழிபாட்டுக்கு உரியதாகிறது. திருப்பணி தொடங்கும்போது பாலாலயம் செய்து மூலவரின் ஆற்றலைக் கலசத்துக்கோ அத்திமரப் பலகைக்கோ மாற்றிவிட்டுத்தான் கருவறையில் கை வைக்கிறார்கள். ஆணியும் நமக்குப் புதிதன்று. பேயோட்டும்போது, ஆடியவரின் முடிக்கற்றை ஒன்றைப் புளியமரத்தோடு சேர்த்து ஆணியறைந்து அறுத்துவிடும் வழக்கம் வட தமிழகத்தில் பலரும் அறிந்ததே. ஒரு வேறுபாட்டை மட்டும் சொல்லியாக வேண்டும்: நம் மரத்து ஆணி பேயைக் கட்டிப்போடுகிறது, கொங்கோ ஆணி உருவத்துக்குள் இருப்பதைத் தூண்டி எழுப்பி வேலைக்கு அனுப்புகிறது.

நைஜீரியாவின் தென்மேற்கில் வாழும் யோருபா மக்களிடம் இந்த ஏற்பாடு வேறு விதமாக இருக்கிறது. உலகிலேயே இரட்டைக் குழந்தைகள் மிக அதிகமாகப் பிறக்கும் மக்களில் அவர்களும் அடக்கம். இரட்டையரில் ஒரு குழந்தை இறந்துவிட்டால், குறிசொல்பவரின் ஆலோசனைப்படி ஒரு சாண் உயரத்துக்குச் சற்றுக் கூடுதலாக மர உருவம் ஒன்றைச் செதுக்கச் சொல்வார்கள். அதற்கு ‘இபெஜி’ என்று பெயர். இறந்தது பச்சைக் குழந்தையாக இருந்தாலும் உருவம் வளர்ந்த ஆளாகவே இருக்கும். மனிதனின் விதி தலையில் குடியிருக்கிறது என்பது அவர்கள் நம்பிக்கை என்பதால், தலையை உடம்பின் அளவுக்குப் பொருந்தாத பெரிதாகச் செய்வார்கள். அதன் பிறகு சிற்பிக்கு வேலை இல்லை, தாய்க்குத்தான் வேலை. உயிரோடு இருக்கும் குழந்தையைக் குளிப்பாட்டும்போது இதையும் குளிப்பாட்டி, அதற்கு ஊட்டும்போது இதன் வாயிலும் தொட்டுவைத்து, செம்மரப் பொடியைக் குழைத்து உடம்பில் பூசி, தலைமுடிக்கு அவுரி நீலம் தடவி வளர்ப்பார்கள். பல ஆண்டுகள் இப்படித் தேய்த்துத் தேய்த்து, சில இபெஜிகளில் மூக்கும் வாயும் மழுங்கி முகமே வழவழப்பாகிவிட்டிருக்கும். சிற்பி வெட்டிய கண்ணிமைக் கோடுகளைத் தாயின் விரல்கள் அழித்திருக்கும். குழந்தைக்கு மருந்தாக உரைத்து உரைத்து முதுகு தேய்ந்துபோன மரப்பாச்சியைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தத் தேய்மானத்தின் மதிப்பை நான் விளக்க வேண்டியதில்லை. கலைப்பொருள் வியாபாரிகளுக்கும் அது தெரியும். முகம் தேய்ந்த இபெஜிக்குத்தான் விலை அதிகம்.

ஆக, பழைய முறையில் உருவத்தைத் தருபவர் ஒருவர், அதற்கு உயிரைத் தருபவர் வேறொருவர். சிற்பி எவ்வளவு பெரிய கலைஞராக இருந்தாலும் இந்தப் பிரிவினை மாறுவதில்லை. யோருபா சிற்பிகளில் தலைசிறந்தவராகக் கருதப்படும் ஈசே ஊரின் ஓலோவே 1938இல் இறந்தவர். இக்கெரே அரண்மனைக்கு அவர் செதுக்கிய கதவுகள் 1924இல் லண்டன் வெம்பிளி கண்காட்சியில் வைக்கப்பட்டன. அவற்றின்மீது ஆசைப்பட்ட பிரிட்டிஷ் அருங்காட்சியகம், மாற்றாக இங்கிலாந்தில் செய்த அரியணை ஒன்றை அரசருக்குக் கொடுத்துக் கதவுகளை வாங்கிக்கொண்டது. அத்தகைய ஓலோவேகூடத் தனக்குத் தோன்றிய கடவுளைச் செதுக்கவில்லை. அரசரின் அதிகாரத்தையும் ஊரறிந்த அடையாளங்களையும்தான் தன் கைவண்ணத்தில் காட்டினார். குருவும் குடும்பத் தொழிலும் கேட்டு வாங்கும் சமூகமும் இருக்கும் இடத்தில் குறியீடுகள் பொதுச்சொத்து.

லுங்வானியிடம் இவற்றில் எதுவும் இல்லை. த்சோங்கா மொழி பேசும் குடும்பத்தில் பிறந்து, அந்தத் தலைமுறையின் கறுப்பின ஆண்கள் பலரையும் போலப் பிழைப்புக்காக ஜோகன்னஸ்பர்க் போய், அங்கே வேலையில் ஒரு விரலை இழந்து ஊர் திரும்பியவர் அவர். 1946இல் ஆப்பிரிக்க சீயோன் சபையொன்றில் ஊழியராக அபிஷேகம் பெற்றார். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சீயோன் என்ற ஊரில் தோன்றிய ஓர் இயக்கம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவுக்கு வந்து, அங்குள்ள மக்களின் கையில் முற்றிலும் வேறொன்றாக மாறியதன் விளைவுதான் இந்தச் சீயோன் சபைகள். நோய் தீர்க்கும் ஜெபம், தீர்க்கதரிசனம், கனவு, வெள்ளை அங்கி, கைக்கோல், தாளத்தோடு கூடிய ஆட்டம் ஆகியவை அவற்றின் உயிர். லுங்வானி பின்னர் அதிலிருந்தும் பிரிந்து தனக்கென ஒரு சபையை நிறுவி, ‘யேசு கலெலியா ஒன் அப்போஸ்டோ இன் சயோனி ஆல்ட் அண்ட் ஒமேகா’ என்று பெயர் சூட்டினார். இந்தப் பெயரைப் படித்துவிட்டு ஐரோப்பிய விமர்சகர்கள் வியந்துபோகிறார்கள். எனக்கு வியப்பு வரவில்லை. தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ ஏதாவது ஒரு சந்துக்குள் நுழைந்தால், தகரக் கூரை போட்ட மாடியறை ஒன்றின் முன்னால், ஊழியர் தாமே சிந்தித்து வைத்த நீளமான பெயரோடு ஒரு ஜெபவீட்டுப் பலகை தொங்கும். பெரிய சபைகள் தராத அதிகாரத்தைத் தனக்குத்தானே எடுத்துக்கொள்பவர் முதலில் செய்கிற காரியம் பெயர் வைப்பதுதான்.

குன்றின் மேல் எருசலேம் கட்டியதையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். நிறவெறி அரசு, கறுப்பின மக்களை மொழிவாரியாகப் பிரித்து ஒதுக்கிய ‘தாயகங்களில்’ த்சோங்கா மொழியினருக்கு விதிக்கப்பட்டது கசன்குலு. உன் இடம் இதுதான் என்று அரசு வரைபடத்தில் கோடு கிழித்துக் கொடுத்த காலத்தில், லுங்வானி அந்த நிலத்திலேயே ஒரு குன்றைத் தேர்ந்து, அதில் ஏற்கெனவே கிடந்த முன்னோர்களின் கற்களையே எடுத்து அடுக்கி, உலகத்தின் மையம் இதுதான் என்று அறிவித்தார். உள்ளே இரண்டு பலிபீடங்கள்: ஒன்று கடவுளுக்கு, ஒன்று கிறிஸ்துவுக்கு. கல்லும் மரமும் இரும்புத் துண்டுகளும் கலந்த அவற்றின் நடுவே வானதூதர்களும் சிலுவையும் மீன்களும் நின்றன. வருகிறவர்களை அவர் ஒவ்வொன்றின் அருகிலும் அழைத்துச் சென்று நிறுத்திப் பிரசங்கம் செய்வார். அவருடைய கோயில் அதுவே, அவருடைய பட்டறையும் அதுவே.

1978இல் நடந்ததாக அவர் சொல்லிவந்த ஒரு நிகழ்ச்சிதான் அவருடைய சிற்பங்களின் ஊற்று. சாத்தான் எய்த அம்புகள் அவருடைய கால்களைத் துளைத்தன. ஒரு காலில் ஏற்பட்ட புண் ஆறவே இல்லை. வலி தாங்காமல் உயிரை மாய்த்துக்கொள்ளலாம் என்று அவர் முடிவெடுத்த வேளையில் கிறிஸ்து துணைவர்களோடு தோன்றி, அவர் குணமடைவார் என்றும், வாழ்நாள் முழுவதும் கடவுளுக்கு ஊழியம் செய்வார் என்றும், கடவுளைக் காண்பார் என்றும் வாக்களித்தார். பிறகு லுங்வானி பார்த்தபோது கடவுள் கடந்து போய்க்கொண்டிருந்தார். அவர் கண்ணில் பட்டவை கடவுளின் கால்கள் மட்டுமே.

ஆகவே லுங்வானி கடவுளின் காலைச் செதுக்கினார். முகமும் உடம்பும் இல்லாமல், தனியாக நிற்கும் பெரிய மரக்கால். நவீனச் சிற்பத்தில் பழகிய கண்ணுக்கு அது உடற்பகுதியை மட்டும் காட்டும் உத்தியாகத் தெரியலாம். வேளாங்கண்ணியிலும் அம்மன் கோயில்களிலும் வெள்ளித் தகட்டில் கால் உருவம் வாங்கிச் செலுத்தும் நமக்கு அது நேர்த்திக்கடனாகத் தெரியலாம். இரண்டுமே அருகில் வந்து நின்றுவிடுகின்றன. நேர்த்திக்கடனில் செலுத்தப்படும் கால் நோயாளியுடையது. லுங்வானி செதுக்கியது குணப்படுத்தியவருடையது. அதே நேரத்தில், ஆறாத புண்ணோடு இருந்த ஒரு மனிதனுக்குக் கடவுளிடம் காணக் கிடைத்த ஒரே பகுதி கால் என்பதை மறந்துவிட்டு அதைப் பார்க்கவும் முடியாது. திருவடியைப் பாடிப் பாடியே வளர்ந்த மொழியில் இருந்துகொண்டு இந்தச் சிற்பத்தைக் காணும்போது, முழுவதையும் காட்டாமல் விட்டதே அதன் பக்தி என்று எனக்குப் படுகிறது. கொங்கோ உருவத்தின் வயிற்றுக் கண்ணாடிக்கு என்ன பொருள் என்று அந்த ஊரில் எந்த மூத்தவரைக் கேட்டாலும் ஏறத்தாழ ஒரே விடை கிடைத்திருக்கும். இந்தக் காலுக்குப் பொருள் சொல்ல உலகத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார்.

இனி மீன். கடலிலிருந்து வெகுதூரம் உள்ளே தள்ளி இருக்கும் அந்த ஊரில் மீன் என்பது ஆற்று மீன்தான். ஆனாலும் அவர் மீண்டும் மீண்டும் அதையே செதுக்கினார். சிலவற்றைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். சிலவற்றைத் தூக்க ஆள் வேண்டும். கிறிஸ்தவத்தின் தொடக்கக் காலத்திலிருந்தே மீன் ஓர் அடையாளமாக இருந்துவருவதும், கலிலேயாக் கடற்கரையில் வலைவீசிக்கொண்டிருந்தவர்களே முதல் சீடர்கள் என்பதும், இரண்டு மீனும் ஐந்து அப்பமும் ஐயாயிரம் பேருக்குப் போதுமானதாக ஆனதும் அவருக்குத் தெரியாதவை அல்ல. சபையின் பெயரிலேயே கலிலேயா இருக்கிறது. ஆயினும் அவருடைய மீன்களை வேதாகமத்தின் விளக்கப்படமாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. துள்ளும் நிலையில் அவர் செதுக்கிய மீன் ஒன்றின் படத்தில், வால் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கிறது, முதுகு வளைந்திருக்கிறது, கண் வட்டமாகப் பெரிதாகத் திறந்திருக்கிறது. உளி பட்ட தழும்புகள் மேலெங்கும் அப்படியே இருக்கின்றன. செதில் என்று எதையும் வரையவில்லை. அந்தத் தழும்புகளையே செதில் என்று கண் ஏற்றுக்கொள்கிறது.

இந்தப் படத்தை, துறைமுகத்தில் மரலாஞ்சுகளைப் பழுதுபார்க்கும் மேஸ்திரி ஒருவரிடம் காட்டினேன். எங்கள் குடும்பத்துக்கு நெடுநாள் பழக்கமானவர். இரும்புப் படகும் ஃபைபர் படகும் வந்துவிட்ட பிறகு மரவேலை தெரிந்தவர்கள் அங்கே சிலரே மிஞ்சியிருக்கிறார்கள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிதாக்கி வால் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இந்த வளைவு வெட்டி எடுத்தது இல்ல தம்பி. மரமே அப்படித்தான் திரும்பிக்கீது. இவரு அது கூடவே போயிருக்காரு. வங்குக்குக் கட்டை பொறுக்குறவன் கண்ணு இவருக்கு” என்றார்.

வங்கு என்பது படகின் விலா. நேரான பலகையை அறுத்து வளைவாக ஆக்கினால் மரத்தின் நார் குறுக்கே அறுபட்டு, அலை மோதும்போது அந்த இடத்திலேயே பிளந்துவிடும். அதனால், வளரும்போதே தேவையான அளவுக்கு வளைந்த கருவேலங்கிளையைத் தேடிப் பிடித்து, நாரின் போக்கிலேயே வாய்ச்சியால் செதுக்கி எடுப்பார்கள். லுங்வானி மரத்தைத் தன் எண்ணத்துக்கு வளைக்காமல் அடிமரத்தின் முறுக்கையும் கிளை பிரிந்த இடத்தையும் உருவமாக வளரவிடுகிறார் என்று விமர்சகர்கள் எழுதியிருப்பதைப் பல முறை வாசித்திருக்கிறேன். அதற்குள் இருக்கும் தொழில்நுட்பக் காரணம் எனக்கு விளங்கியது இந்த மேஸ்திரியின் பேச்சில்தான். ஆதாம் உடம்பிலிருந்து ஏவாள் வெளிப்படும் அவருடைய பெரிய சிற்பம், ஆளுயரத்தையும் தாண்டி ஓங்கி நிற்பது. ஒரு மரத்திலிருந்து இன்னொரு கிளை பிரிவது போலவே அங்கே ஒரு மனித உடம்பு இன்னொன்றைப் பிரிக்கிறது. மரத்தின் இயல்பே அங்கே இறையியலாகிவிடுகிறது.

மேஸ்திரி இன்னொரு கேள்வியும் கேட்டார். “இவரு ஆசாரியா, சாமியாரா?”

“ரெண்டுந்தாண்ணே” என்றேன்.

“அப்போ இதுக்குப் பூசை போட வேற ஆளு வேணாம்” என்று சொல்லிவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தார்.

கொங்கோ நாட்டிலும் யோருபா நாட்டிலும் இரண்டாகப் பிரிந்து கிடந்த வேலைகளை ஒரே ஆள் தன்மேல் போட்டுக்கொண்டதுதான் லுங்வானி செய்த மாற்றம். உருவமும் அவருடையது, அதற்குள் வைத்த மருந்தும் அவருடையது; மருந்தின் இடத்தில் அவருடைய பிரசங்கம் இருந்தது. இதனால் அவருக்கு ஒரு சுதந்திரம் கிடைத்தது. ஊரார் ஏற்றுக்கொண்ட அடையாளங்களுக்குள் அடங்கி நடக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. கிறிஸ்துவைக் கால்பந்து ஆட வைத்தார். காயீனுக்கு ஒரு விமானம் செய்துகொடுத்தார். வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் பந்து உதைத்து வளர்ந்த பையன்களிடம் முதல் சிற்பத்தைச் சொல்லிப் பாருங்கள்; ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள், எந்த இடத்தில் ஆடுகிறார் என்றுதான் கேட்பார்கள். கலைக்கூடத்தில் இதை நகைச்சுவையாகக் கருதிப் புன்னகைப்பவர்கள், ஆட்டத்தை இவர் எவ்வளவு மெய்யாக எடுத்துக்கொண்டார் என்பதைத் தவறவிடுகிறார்கள். இரண்டாவதைப் பற்றி என் வாசிப்பு இது: தம்பியைக் கொன்றதற்காகப் பூமியில் நிலையற்று அலையும்படி சபிக்கப்பட்டவன் காயீன், இந்த நூற்றாண்டில் அலைபவனுக்கு விமானம் தேவைப்படுகிறது. தன் மண்ணை விட்டு வேலை தேடிப் போய் விரலை இழந்து வந்தவருக்கு அலைச்சலைப் பற்றிக் கருத்து இல்லாமலா இருக்கும்?

இதே சுதந்திரத்துக்கு விலையும் உண்டு. 1985இல் ரிக்கி பர்னட் என்பவர் ஜோகன்னஸ்பர்கில் தொகுத்த ‘ட்ரிப்யூட்டரீஸ்’ கண்காட்சியின் மூலம் லுங்வானி வெளியுலகுக்குத் தெரிந்தார். 1989இல் அவருக்கெனத் தனிக் கண்காட்சி நடந்தது. அந்தக் காலகட்டத்தில் வடக்குப் பகுதியிலிருந்து வந்த சிற்பிகள் பலரையும் சேர்த்து ‘இடைமாற்றக் கலை’ என்று ஒரு பெட்டிக்குள் அடைத்தார்கள். பழங்குடிக் கலையிலிருந்து நவீனக் கலைக்குப் போகிற வழியில் நிற்பது என்று பொருள். போகிற வழியில் நிற்கிறோம் என்று அவர்களில் யாராவது நினைத்தார்களா என்பதைப் பற்றி அந்தப் பெட்டிக்குக் கவலை இல்லை. குன்றின் மேலிருந்த பலிபீடங்களும் நகரத்துக்குப் போயின. கடவுளின் பலிபீடம் ஜோகன்னஸ்பர்க் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

ஏமாற்றி எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்று இதைச் சுருக்கமாக முடித்துவிட நான் தயாராக இல்லை. பிரசங்கிக்கு மக்கள் கூட்டம் வேண்டும். நகரத்தில் கூட்டம் இருந்தது. ஆனால் வாங்கியவர்களுக்குக் கிடைத்தது பாதிதான். கொங்கோ உருவத்தின் வயிற்றிலிருந்து மருந்தை எடுத்த சடங்குக்காரர், தான் எதைக் கொடுக்கிறோம், எதை வைத்துக்கொள்கிறோம் என்று தெரிந்தே கொடுத்தார். இங்கே அப்படி எடுத்து வைப்பதற்கு ஒன்றும் இல்லை. மருந்து மனிதனின் வாயில் இருந்தது. மரம் வண்டியேறியது, வாய் ம்போகோட்டாவிலேயே இருந்தது. அவரும் பெரிதாகத் துவண்டுவிடவில்லை என்றே தோன்றுகிறது. பிற்காலத்தில் தான் வாழ்ந்த இடத்துக்குப் புதிய கானான் என்று பெயரிட்டு, மறைவுவரை செதுக்கிக்கொண்டும் வருகிறவர்களிடம் பேசிக்கொண்டும் இருந்தார். நகரத்துக் கூடத்தில், வெயிலும் மழையும் படாத அறையில், சுற்றுச்சுவர்க் கற்கள் இல்லாமல், பேசுபவர் இல்லாமல் நிற்கும் அந்த வானதூதர்கள் நல்ல சிற்பங்களாக நிற்கிறார்கள்; அதில் குறை சொல்ல முடியாது. பலிபீடமாக நிற்கவில்லை.

அவருடைய பகுதியைச் சேர்ந்த இன்னொருவரையும் இங்கே சொல்லாமல் விட முடியாது. 1938இல் பிறந்த நோரியா மபாசா வெண்டா இனத்தவர். வெண்டா மக்களிடம் மண் பெண்களுக்கு, மரம் ஆண்களுக்கு என்பது வழக்கம். கனவில் வயதான பெண்மணி ஒருவர் தோன்றிக் களிமண்ணில் உருவம் செய்யக் கற்றுக்கொடுத்ததாக மபாசா சொல்லியிருக்கிறார். மண்ணில் தொடங்கி 1970களில் மரத்துக்கு மாறி, அந்த வழக்கத்தைக் கடந்த முதல் வெண்டாப் பெண் சிற்பி என்று பெயர் பெற்றார். ‘கார்னேஜ்’ என்ற தலைப்பில் அவர் செதுக்கிய பெருஞ்சிற்பத்தில், வெள்ளத்தில் சிக்கிய மனித உடம்புகள் பெரிய மரமொன்றின் முறுக்குகளுக்குள்ளேயே பின்னிப் புரள்கின்றன. அதுவும் கனவில் வந்ததுதான். யாரிடமும் கற்காதவர் என்று இவர்களைச் சொல்லும்போது, குரு இல்லை என்பதை இவர்களே ஒப்புக்கொள்ளவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருவருக்குக் கிறிஸ்து, மற்றவருக்குக் கனவில் வந்த பாட்டி. தன் கையை வெறும் கருவியாகச் சொல்லிக்கொள்வது தன்னடக்கம் மட்டுமன்று. குலத்தொழில் உரிமை இல்லாதவருக்கும் பெண் என்பதால் தடுக்கப்பட்டவருக்கும் உளியைத் தொடுவதற்கான அனுமதிச் சீட்டும் அதுவே.

2020இல் கேப்டவுனில் உள்ள நார்வல் ஃபவுண்டேஷன் லுங்வானிக்கு விரிவான பின்னோக்குக் கண்காட்சி ஒன்றை நடத்தியது. அதற்கு அவருடைய சபையின் பெயரிலிருந்தே ‘ஆல்ட் அண்ட் ஒமேகா’ என்று தலைப்பு வைத்திருந்தார்கள். இடைமாற்றக் கலை என்ற பெட்டியைவிட இது எவ்வளவோ மேல். சபையை விட்டுவிட்டுச் சிற்பியை மட்டும் பேச முடியாது என்பதையாவது ஒப்புக்கொள்கிறது. இணையத்தில் அவருடைய பெயரைத் தேடினால் வெள்ளைச் சுவருக்கு முன்னால் தனித்தனியாக நிறுத்திய மீன்கள் நிறையக் கிடைக்கும். அவற்றைப் பார்ப்பதற்கு முன்னால், குன்றின் மேல் கற்களுக்கு நடுவே சிற்பங்கள் நின்றபோது எடுத்த 1980களின் படங்களைத் தேடிப் பாருங்கள். அவற்றில் சிலவற்றில் அவரே கையை நீட்டிப் பேசிக்கொண்டு நிற்கிறார்.